பாங்காக் தெருவில் ஒளிந்திருக்கும் பொறியியல்

பாங்காக்கின் சுகும்வித் சாலையில் 55ஆம் எண் கிளைத்தெருவுக்கு எதிரே எந்தத் தெரு இருக்கும்? 54 அல்லது 56 என்றுதான் சொல்லத் தோன்றும். அங்கே இருப்பது 38. இன்னும் கொஞ்சம் கிழக்கே நடந்தால் 63க்கு எதிரே 42 வருகிறது. சாலையின் வடபுறம் முழுக்க ஒற்றைப்படை எண்கள், தென்புறம் முழுக்க இரட்டைப்படை எண்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 55 என்பது வடபுறத்தின் 28ஆவது தெரு, 38 என்பது தென்புறத்தின் 19ஆவது தெரு. ஒரே தூரத்துக்குள் ஒரு பக்கம் ஒன்பது தெருக்கள் கூடுதலாக முளைத்துவிட்டன.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு பழைய நிலவரைபடம் இருக்கிறது. பெருஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் கிளைத்தெருவைத் தாய்லாந்தில் 'சோய்' என்பார்கள். இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் நெல்வயலும் தோப்பும் வாய்க்காலுமாக இருந்தன. நகரம் பரவியபோது நில உரிமையாளர்கள் அவரவர் நிலத்துக்குள் ஒரு பாதையை வெட்டிக்கொண்டார்கள். பக்கத்து நிலத்தின் பாதையோடு அதைப் பெரும்பாலும் யாரும் இணைக்கவில்லை. அதனால் பல சோய்கள் நீளமாக உள்ளே போய் அப்படியே முடிந்துவிடுகின்றன. அடுத்த சோயில் இருக்கும் நண்பரைப் பார்க்க வேண்டுமென்றாலும் பெருஞ்சாலைக்கு வந்து, திரும்பி, மறுபடியும் உள்ளே நடக்க வேண்டும்.

நடப்பவருக்குத் தொல்லையாகத் தெரியும் இந்த வடிவம்தான் பாங்காக்கின் தெரு உணவை வளர்த்தது. ஆயிரக்கணக்கான பேர் வாழும் ஒரு சோய்க்குப் பெரும்பாலும் ஒரே வாசல். காலையில் வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் உயர்மட்ட ரயிலை விட்டு இறங்குகிறவர்களும் புனலின் கழுத்தைப் போன்ற அந்த முனையைக் கடந்தே ஆக வேண்டும். ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்த மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். நூடுல்ஸ் வண்டியும் பழவண்டியும் நிற்பது அங்கேதான். 1999 டிசம்பரில் உயர்மட்ட ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, நிலையங்களை ஒட்டிய சோய் முனைகளில் நெரிசல் இன்னும் கூடியது. கடைக்காரர் வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தெருவே அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இப்போது காலடியைப் பாருங்கள். பழைய கட்டடங்கள் சிலவற்றின் வாசலுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு படி கூடுதலாக இருக்கும். கட்டும்போது அந்தப் படி தேவைப்படவில்லை. நகரம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அடியில் இருப்பது, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் விட்டுச் சென்ற மென்களிமண். இருபதாம் நூற்றாண்டில் நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் அந்தக் களிமண் அழுந்தியது. 1980களின் தொடக்கத்தில் சில பகுதிகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை இறங்கின. கட்டுப்பாடுகள் வந்தபின் வேகம் வெகுவாகக் குறைந்தது. பெரிய கட்டடங்கள் களிமண்ணைத் துளைத்துக் கெட்டியான அடுக்கு வரை போகும் தூண்களின்மேல் நிற்கின்றன. நடைபாதைக்கு அப்படி ஒரு தாங்கல் கிடையாது. கட்டடம் இருந்த இடத்தில் இருக்க, நடைபாதை மட்டும் இறங்கியதன் அடையாளம்தான் அந்தக் கூடுதல் படி.

சோய் முனையில் 'பட் க்ரபாவ்' என்னும் இறைச்சி வறுவலைச் சமைக்கும் வண்டியருகே நில்லுங்கள். மெல்லிய எஃகு வாணலி, கீழே சீறும் தீ. வாணலி மெல்லியதாக இருப்பதால் அடுப்பின் சூட்டை உடனே ஏற்கிறது, தீயைக் குறைத்தால் உடனே இறங்குகிறது. இறைச்சி விழுந்ததும் மேற்பரப்பின் ஈரம் நொடியில் ஆவியாகிறது. அதன்பின் சுமார் 140 டிகிரியில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணமூலக்கூறுகளையும் உண்டாக்குகின்றன. வேதியியலில் இதற்கு மெய்லார்டு வினை என்று பெயர். சூடு குறைவான அடுப்பில் அதே இறைச்சி நீர் விட்டு வெந்துபோகும், வறுபடாது.

இதே வாணலியில் சோற்றையும் வறுப்பார்கள். அவ்வளவு சூட்டில் அது ஏன் கருகுவதில்லை? சமையற்காரரின் கையைக் கவனியுங்கள். சீனச் சமையற்காரர்கள் சோற்றைத் தூக்கிப்போட்டு வறுக்கும் காட்சிகளைப் படம்பிடித்து, அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாணலி அடுப்பின் விளிம்பில் முன்னும் பின்னுமாகச் சறுக்குகிறது, கூடவே ஊஞ்சலாடுகிறது. இந்த இரண்டு அசைவுகளும் நொடிக்கு சுமார் 2.7 முறை, அதாவது நிமிடத்துக்கு 160 முறைக்கு மேல் நடக்கின்றன. சோறு ஒரு கணம் சுடும் எஃகைத் தொடுகிறது, அடுத்த கணம் காற்றில் பறந்து ஆறுகிறது. தென்சீனத்திலிருந்து குடியேறியவர்கள் வழியாக இந்த வாணலிக் கலை பாங்காக்கில் வேரூன்றியது.

பட் க்ரபாவில் கடைசியாகக் கைநிறைய விழும் இலை நமக்குத் தெரிந்ததுதான். க்ரபாவ் என்பது துளசி வகை. அதன் காரமான மணத்துக்கு முக்கியக் காரணம் யூஜெனால், கிராம்பில் இருக்கும் அதே எண்ணெய்ப் பொருள். அது எளிதில் ஆவியாகிவிடும். அதனால்தான் இலையை முதலில் போடாமல், அடுப்பை அணைக்கும் தறுவாயில் போட்டு இரண்டு புரட்டுப் புரட்டி இறக்குகிறார்கள். மணம் வாணலியோடு போகாமல் தட்டுவரை வந்து சேர்கிறது.

அடுத்த வண்டியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வரும். பப்பாளிக்காயைச் சீவி இடித்துச் செய்யும் சோம் தம். அதற்கான உரல் சுட்ட மண்ணாலானது, உலக்கை மரம். குழம்புக்கான மசாலா அரைக்கக் கல்லுரலைத்தான் எடுப்பார்கள். காரணம் எளியது. மசாலாவில் எல்லாச் செல்களும் நசுங்கி விழுதாக வேண்டும். சோம் தம்மில் காய் நொறுங்கக் கூடாது. ஆங்காங்கே சில செல்கள் மட்டும் உடைந்து, எலுமிச்சையும் உப்பும் உள்ளே இறங்க வழி விட்டால் போதும். பழுக்காத பப்பாளியில் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் இன்னும் உறுதியாக இருப்பதால், இடி வாங்கினாலும் மொறுமொறுப்பு எளிதில் போகாது.

அந்த உரலுக்குள் உலக வரலாறும் இருக்கிறது. பப்பாளி, மிளகாய், வேர்க்கடலை, தக்காளி நான்குமே அமெரிக்கக் கண்டங்களின் பயிர்கள். கொலம்பஸுக்கு முன் தாய்லாந்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆசியாவின் பங்காக வருபவை எலுமிச்சை, பனைவெல்லம், 'நாம் ப்ளா' என்னும் மீன்சாறு ஆகியவை. நெத்திலியை உப்போடு கலந்து ஓராண்டுக்கு மேல் வைத்தால், கெட்டுப்போகச் செய்யும் நுண்ணுயிர்களை உப்பு தடுக்கிறது. மீனின் சொந்த நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. அவற்றில் ஒன்றான குளூட்டாமேட்தான் நாக்கில் நிற்கும் அந்த ஆழ்ந்த சுவையைத் தருகிறது.

காரம் உச்சிக்கு ஏறும்போது வாயில் உண்மையில் சூடு எதுவும் ஏறவில்லை. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்துவதற்காக நம் நரம்புகளில் ஓர் உணர்வி இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின் அதே உணர்வியைத் திறந்துவிடுகிறது. மூளை 'சுடுகிறது' என்று நம்பி வியர்வையை வரவழைக்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது. எனவே தண்ணீர் குடித்தால் காரம் போகாது, குளிர்ச்சி ஒரு கணம் ஏமாற்றும்.

அந்தக் குளிர்ச்சியைத் தரும் பனிக்கட்டியை எடுத்துப் பாருங்கள். சிறு உருளை, நடுவே ஓட்டை. தொழிற்சாலையில் செங்குத்தாக நிற்கும் குழாய்களின் உட்சுவர் வழியே தண்ணீர் ஓயாமல் வழிகிறது. குழாயின் வெளிப்புறம் குளிரூட்டப்படுவதால் சுவரை ஒட்டிப் பனி படர்கிறது. நீர் உறையும்போது அதன் படிகம் உப்பையும் காற்றையும் வெளியே தள்ளும். ஓடும் நீர் அவற்றை அடித்துச் செல்ல, தெளிந்த பனி மட்டும் தங்குகிறது. ஓட்டை முழுக்க அடைபடுவதற்குள் குழாயைச் சூடாக்கிப் பனியை நழுவவிட்டு வெட்டுகிறார்கள். ஓட்டையைப் பார்த்தால் அது ஆலையில் வார்த்த பனி என்று தெரிந்துகொள்ளலாம்.

பார்சல் வாங்கினால் இன்னொரு வித்தை. கொதிக்கும் சூப்பை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றோடு சேர்த்து வாயை முறுக்கி, ஒரு ரப்பர் வளையத்தை நான்கு சுற்றுச் சுற்றுகிறார்கள். இரண்டு நொடி வேலை. உள்ளே அடைபட்ட காற்று பையை விறைப்பாக வைத்து அதிர்ச்சியைத் தாங்குகிறது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஓய்வில் சுருண்டு கிடக்கும். இழுத்தால் நேராகும், விட்டால் மறுபடி சுருள முனையும். அந்த முனைப்பே பைக்குப் பூட்டு. இயற்கை ரப்பர் உற்பத்தியில் உலகில் முதலிடம் தாய்லாந்துக்குத்தான்.

இனிக் கடைவீதி. வாரக்கடைசியில் கூடும் சத்துசக் சந்தை 1982இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. அங்கே 15,000க்கும் மேற்பட்ட கடைகள். கடைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 250 மணி நேரம், பத்து நாள் இரவு பகலாக நடக்க வேண்டும். ஆனாலும் ஆட்கள் தேடிய கடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சந்தை எண்ணிட்ட பிரிவுகளாகவும், பிரிவுகள் சோய்களாகவும், சோய்கள் கடை எண்களாகவும் பிரிந்திருக்கின்றன. நடுவே நிற்கும் மணிக்கூண்டு திசை காட்டுகிறது. நகரத்தின் முகவரி முறை ஒரு சந்தைக்குள் சிறிதாக மடிக்கப்பட்டிருக்கிறது.

சைனா டவுனின் யாவ்வராட் சாலையில் வரிசையாகத் தங்கக் கடைகள், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். தாய்லாந்தின் நாணயத்தைப் போலவே அங்கே தங்கத்தை நிறுக்கும் அலகின் பெயரும் 'பாட்'தான். நகையில் ஒரு பாட் என்பது 15.16 கிராம், தூய்மை 96.5 விழுக்காடு. மீதி வெள்ளியும் செம்பும் போன்ற உலோகங்கள். தூய தங்கத்தில் அணு அடுக்குகள் எளிதில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அதனால் அது வளையும். வேற்று அணுக்கள் நடுவே புகுந்து அந்த வழுக்கலைத் தடுக்கின்றன. நம் ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஒரு பாட் நகையில் சுத்தத் தங்கம் 14.63 கிராம். 22 காரட்டில் இரண்டு பவுன் நகை எடுத்தால் சுத்தத் தங்கம் 14.66 கிராம். எடையும் கலவையும் வேறு, உள்ளே இருக்கும் தங்கமோ ஓரிரு அரிசிமணி வித்தியாசத்தில் ஒன்றுதான்.

சென்னையும் பாங்காக்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 13 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. வெயிலும் புழுக்கமும் நமக்குப் பழகியவையே. ஆகவே வெயில் இறங்கிய பின், வண்டிகள் அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்தில் நடக்கத் தொடங்குங்கள். பசித்தாலும் உடனே கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்று அந்தக் கைகளைப் பாருங்கள். வெப்பநிலைமானியும் தராசும் இல்லாமல் வெப்பவியலையும் வேதியியலையும் அன்றாடம் சரியாகச் செய்யும் மனிதர்கள் அவர்கள். பாங்காக்கின் ஆகச் சிறந்த அறிவியல் கண்காட்சிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நடக்கத் தெரிந்தால் போதும்.