வெல்டு தாங்குமா?

பட்டரவாக்கத்தில் கம்பி ரேக் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஆர்டர் கொடுக்கும் கம்பெனி எஃப்.இ.ஏ. ரிப்போர்ட் கேட்கிறது. எடையை ஏற்றிப் பார்த்தால் போதாதா?”

இரண்டும் வேண்டும் ஐயா.

எஃப்.இ.ஏ. என்றால் ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ். ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்று 1960-இல் ரே கிளஃப் பெயர் சூட்டிய முறை இது. விமான இறக்கைக்காகத் தொடங்கிய கணக்கு இன்று ஃப்ரிட்ஜ் தட்டு வரை வந்துவிட்டது. கம்பியைச் சிறுசிறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வளையும் என்று சமன்பாடு எழுதி, மொத்தத்தையும் கம்ப்யூட்டர் சேர்த்துத் தீர்க்கிறது. எந்த இடம் எவ்வளவு தொய்யும், எங்கே அழுத்தம் கூடும் என்பது தெரிந்துவிடும்.

இதில் என்னை விடாமல் பிடித்திருப்பது கம்பியின் முனைதான். 4 மி.மீ. தடிமன், 300 மி.மீ. நீளமுள்ள எஃகுக் கம்பியின் நடுவில் 2 கிலோ தொங்கட்டும். முனைகள் சும்மா தாங்கியிருந்தால் தொய்வு 4.4 மி.மீ. முனைகள் அசையாமல் இறுகியிருந்தால் 1.1 மி.மீ.தான். கம்பியும் அதே, எடையும் அதே; வித்தியாசம் நான்கு மடங்கு! எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் குழாயும் இப்படித்தான். கவட்டையில் கிடந்தவரை ஈரப் போர்வைக்குத் தொய்ந்தது. இரு முனையையும் சுவரில் பதித்த பிறகு நிமிர்ந்து நிற்கிறது.

ரேக்கில் கம்பியின் முனையை இறுக்கிப் பிடிப்பது வெல்டு. திரையில் இரண்டு கோடுகள் ஒரே புள்ளியில் சேர்ந்தால், அங்கே குறையில்லாத வெல்டு இருப்பதாக சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும். பட்டறையில் கரண்ட் குறைந்தால் கம்பிகள் ஒட்டியதுபோல நிற்கும், அவ்வளவுதான். கூடினால் கம்பியே கரைந்து மெலியும். குளிர்நிலையில் இழுத்துப் பலமேற்றிய கம்பி, சூடு பட்ட இடத்தில் இளகியும் போகும். நாம் சொல்லிக் கொடுக்காதவரை சாஃப்ட்வேர் காட்டும் வண்ணப்படத்தில் இது எதுவும் வராது.

ஆனாலும் பல இடங்களில் அந்தப் படத்தையே சான்றிதழாக ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டவர் பட்டறைக்குள் கால் வைப்பதில்லை. வெல்டிங் மெஷினின் பெடலை மிதிப்பவரிடம் எலக்ட்ரோடு முனை மழுங்கியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ரேக்கின் பலம் அவர் கையில் இருக்கிறது. கேட்க வேண்டியது அவரிடம்தான்.

தினமும் முதல் துண்டை வைஸில் பிடித்து உடைத்துப் பாருங்கள். வெல்டு சுத்தமாகப் பிரிந்து வந்தால் அது பிடிக்கவில்லை. கம்பியைக் கிழித்துக்கொண்டு வந்தால் நல்ல வெல்டு. பிறகு ரேக்கில் எடையை ஏற்றித் தொய்வை அளந்து, ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் வெல்டையும் பாருங்கள், கணக்கில் முனையை எப்படிக் கட்டினார்கள் என்றும் கேளுங்கள்.