லயத்து இஸ்தோப்பில் ஒரு கச்சேரி

கச்சேரி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது மேடைதான். விரித்த ஜமுக்காளம், நடுவில் பாடகர், இருபுறமும் வயலினும் மிருதங்கமும், எதிரே வரிசையாக ரசிகர்கள். இந்த ஒழுங்குக்குள் வராத சங்கீதத்தை நாம் கொட்டு என்றும் கூத்து என்றும் பெயர் சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். பசறையிலிருந்து பிபிலைக்குச் செல்லும் வீதியிலே லுணுகலை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும், மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கங்களிலும் மேடையில்லாத ஒரு சங்கீதம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கிறது. அதை வாசித்தவர்கள் வித்துவான்கள் அல்லர். பகலெல்லாம் கொழுந்துக் காட்டிலும் கவ்வாத்து மலையிலும் உழைத்துவிட்டு, இரவில் தப்பை எடுத்தவர்கள். அந்தச் சங்கீதத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தோட்டத்து நாளே அன்று தப்புச் சத்தத்தோடுதான் பிறந்தது. விடியுமுன் தப்பு முழங்கும். லயங்களில் விளக்கு ஏறும், அடுப்பு மூளும், ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார்கள். மக்கள் கவிமணி சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி பாலஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழில் தந்த நெடுங்கவிதையிலும் அந்த வைகறைத் தப்பொலி கேட்கிறது. துரையின் கடிகாரத்துக்கு மனிதரை எழுப்பிய அதே தப்பு, மாலையானதும் மனிதருக்கே சொந்தமானது. கோயில் திருவிழாவிலே அது சாமியை அழைத்தது. சாவு வீட்டிலே பாடைக்கு முன்னால் நடந்தது. மாசி மாதத்திலே மன்மதனையும் ரதியையும் ஆட வைத்தது. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி. தூரத்து லயத்திலிருந்து ஒலி வந்தாலே, அங்கே நடப்பது இன்னதென்று மற்ற மலையில் இருப்பவர் சொல்லிவிடுவார்.

கருவி பார்வைக்கு எளியது. வளைத்துச் சேர்த்த மரச் சட்டம், அதன் ஒரு பக்கத்தில் இழுத்துக் கட்டிய தோல், அவ்வளவுதான். இடக்கையில் நீளமான மெல்லிய குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும், அதுதான் நெருப்பு. தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் தளரும், தளர்ந்தால் ஒலி மந்தமாகும். சருகைக் கொளுத்தி அந்த அனலில் தப்பைக் காட்டினால் ஈரம் போய், தோல் சுருங்கி, விறைத்து, சுருதி ஏறும். வீணைக்காரர் பிருடையை முறுக்கிச் செய்யும் வேலையைத் தப்படிப்பவர் தீயை வைத்துச் செய்கிறார். மழையும் மூடுபனியும் நிறைந்த மலையில் இது இலேசான காரியமல்ல. எவ்வளவு நேரம் காய்ச்சுவது, எப்போது எடுப்பது, எந்தப் பதத்தில் தோல் வெடித்துவிடும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நெருப்பைச் சுற்றி நின்ற பையன்களின் காதிலேதான் அவை ஏறின.

ஊவாவின் இந்தக் கீழ்ச்சரிவுகளுக்கு மழை தருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்று. மார்கழி மாதம் அந்த ஈரக் காலத்தில் வருகிறது. அப்போது நடப்பது பஜனை. விடியற்காலையில் ஆர்மோனியமும் ஜால்ராவும் டோலக்கும் சேர, லயம் லயமாகப் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் போகும். பாடத் தெரிந்தவர் அடி எடுத்துக் கொடுப்பார், தெரியாதவரும் பின்பாட்டுப் பாடுவார். மலையகத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் சங்கீத வகுப்பு இந்தக் குளிரில் நடந்ததுதான். மழை ஓய்ந்த மாசியிலே வருவது காமன் கூத்து. தோல் விறைத்து நன்றாகப் பேசும் காலம் அது.

காமன் கூத்தின் கதை நமக்குத் தெரிந்ததே. சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் கணை தொடுக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது, அவன் சாம்பலாகிறான், ரதி புலம்புகிறாள். மாசி வளர்பிறையிலே காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பதோடு கூத்து நிறைவு பெறும். ரதியாக ஆடுபவரும் ஆணே. வேடம் கட்டுவோர் விரதம் இருப்பார்கள். எமன், வீரபத்திரன், தூதன் என்று ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் தப்பின் நடை மாறும். அருச்சுனன் தபசிலே உயர்ந்த தபசு மரத்தில் ஏறும் அருச்சுனனையும், பொன்னர் சங்கரிலே போர்க்களம் புகும் அண்ணன் தம்பியையும் இந்தத் தப்புத்தான் தாங்கி நிற்கிறது.

ஆனால் நாம் கவனிக்கத் தவறுவது கூத்து நடக்கும் இரவை அல்ல, அதற்கு முந்திய இரவுகளை. லயத்து இஸ்தோப்பில் ஒரு குப்பி விளக்கு. கூத்து வாத்தியாரின் கையிலே எண்ணெய் பிசுக்கேறிய ஒரு கொப்பி. அவர் ஒரு வரியைப் பாட, வேடம் கட்டப் போகிறவர் திருப்பிப் பாடுகிறார். தப்படிப்பவர் அடியை முதலில் வாயாலே சொல்லிக் காட்டுகிறார், பிறகு தோலிலே காட்டுகிறார். பிழை விட்டால் சிரிப்பு, சரியாக வந்தால் தேத்தண்ணி. பார்க்க வந்த சிறுவன் அரிசி மூட்டைப் பலகையிலோ பழைய தகரத்திலோ தட்டிப் பார்க்கிறான். அடுத்தடுத்த மாசிகளில் அவன் கையில் குச்சி வருகிறது. நுழைவுச் சீட்டும் சான்றிதழும் இல்லாத சங்கீதப் பள்ளிக்கூடம் இதுதான். கூத்து அதன் ஆண்டுப் பரீட்சை.

இந்தப் பள்ளிக்கூடத்தின் பலத்தை உணர்ந்து அதை உரிமைக் குரலுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. தோட்டத் தொழிற்சங்கத்தின் முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், கூட்டங்களிலே சொற்பொழிவுக்கு முன்னர் பாட்டைப் பாடினார். இலங்கைவாழ் இந்தியரின் நிலைமையைப் பாடும் அவருடைய பாடல்கள் 1940ஆம் ஆண்டில் நூலாகவும் வந்தன. எழுத்து அறியாதவரிடமும் பாட்டு போய்ச் சேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாக வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாரல்நாடன், மாத்தளை வடிவேலன் முதலியோர் அந்தப் பணியைத் தொடர்ந்தனர். சொற்கள் இவ்வாறு அச்சேறித் தப்பின. ஆனால் அடி அச்சில் ஏறுவதில்லை. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத்தான் போக முடியும்.

அந்தக் கைகள் எத்தனை போயின! 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களைத் தொகையாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு தோட்டத்திலிருந்து பத்துக் குடும்பங்கள் போனால், அந்தப் பத்திலே ஒருவர் கூத்து வாத்தியாராக இருக்கலாம், ஒருவர் காமன் அடி முழுவதும் அறிந்த கடைசி ஆளாக இருக்கலாம். அந்தக் கணக்கை எந்த ஒப்பந்தமும் எழுதவில்லை.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தப்பு ஒரு சாதியின் தலையிலே சுமத்தப்பட்ட கருவி. சாவு வீட்டுக்கு வா என்று அதிகாரமாய்க் கூப்பிடுவார்கள். அடித்து முடிந்ததும் சில்லறையையும் சாராயத்தையும் கொடுத்து எட்ட நிறுத்துவார்கள். இப்படி அவமானப்பட்ட தகப்பனைப் பார்த்து வளர்ந்த மகன், நான் குச்சியைத் தொடமாட்டேன் என்று சொன்னால் அவனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. 'பாரம்பரியம் அழிகிறதே' என்று கண்ணீர் விடுபவர்கள், அந்தப் பாரம்பரியத்தின் பாரத்தை யார் முதுகில் ஏற்றினோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் கடல் கடந்த ஓர் ஊரை நினைவுகூருவது பொருத்தம். இங்கிலாந்திலே ஹேஸில்மியர் என்று ஒரு சிற்றூர். ஆர்னல்ட் டொல்மெட்ஸ் என்னும் இசைஞர் 1917இல் அங்கே குடியேறினார். வழக்கொழிந்து போன பழைய கருவிகளைத் தாமே செய்து, மனைவி மக்களையும் அயலாரையும் சேர்த்து வாசித்தார். 1925இல் பழைய இசைக்கென்று அங்கே ஒரு விழாவையும் தொடங்கினார். அவர் மறுபடி உயிர்ப்பித்த ரெக்கோடர் என்னும் மரக்குழல் பின்னர் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கருவிகளை வாசிக்கக் கற்றுத்தர அங்கே உயிரோடு ஆசான்கள் இல்லை. பழைய ஏடுகளையும் நூதனசாலைக் கருவிகளையும் பார்த்து ஊகித்துத்தான் அவர்கள் கற்றார்கள். நமக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. நம் ஏடுகள் இன்னமும் லயங்களில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கின்றன.

அவமானத்தைக் கழற்றிவிட்டுக் கருவியை மாத்திரம் கையில் எடுக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலே சான்று உண்டு. திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி, அதைத் தன்மானத்தின் முழக்கமாக மாற்றினார்கள். ஆண்கள் மாத்திரம், அதுவும் சாவுக்கு மாத்திரம் என்ற இரண்டு வேலிகளையும் அவர்கள் ஒரே அடியில் தாண்டினார்கள். 2025ஆம் ஆண்டிலே மதுரைப் பக்கத்துப் பறையிசை ஆசான் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. தெருவோரத்திலே நிறுத்தப்பட்ட கருவி அரச மண்டபத்துக்குள் போயிருக்கிறது.

நமது நாட்டிலும் மலையக மக்கள் வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். இத்தகைய பொது நிகழ்வுகளிலும், கலைவிழாக்களிலும், தப்புக்கு இப்போது ஓர் இடம் கிடைக்கிறது. மகிழ்ச்சியே. ஆயினும் பத்து நிமிட மேடைக்காகப் பழகும் பிள்ளைக்குப் பத்து நிமிட அடிதான் தெரியவரும். இரவு முழுவதும் ஒரு கூத்தைத் தாங்கும் அடி, பல இரவுகள் இஸ்தோப்பில் குந்தியிருந்தால்தான் வரும்.

ஆகவே காப்பாற்றப்பட வேண்டியது கருவி மாத்திரமல்ல, அந்தப் பழக்க இரவும்தான். அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. தோட்டத்துக்கு ஓர் இடம், கிழமைக்கு ஒரு மாலை, அறிந்த பெரியவருக்கு ஆசிரியர் என்ற மரியாதையும் அதற்குரிய கொடுப்பனவும், எந்த வீட்டுப் பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், குச்சியைத் தொடலாம் என்ற திறந்த கதவு. இந்தக் கடைசி நிபந்தனைதான் மிகக் கடினமானது, மிக அவசியமானதும் அதுவே. எல்லார் வீட்டுச் சாவுக்கும் ஒரு வீட்டார் அடித்த காலம் போய், எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து அடிக்கும் காலம் வந்தால், தப்பு பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த மாசியிலே லுணுகலைப் பக்கம் போகிறவர்கள் காமன் பொட்டலோடு நின்றுவிடாதீர்கள். கூத்துக்குச் சில நாட்கள் முன்னதாகவே போய், எந்த லயத்திலே நெருப்பு எரிகிறதென்று பாருங்கள். அதைச் சுற்றி எத்தனை சிறுவர்கள் நிற்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள்.