மழைத் தகவலைத் திறக்கும் இரண்டு சாவிகள்

பீடோர் – காலையில் மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. அன்றைய வருமானமும் இல்லை. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ஏழு நாள் முன்னறிவிப்பை, அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளம் ‘ஜேசன்’ வடிவில் இலவசமாகத் தருகிறது. பிஎச்பி கணினிமொழி பழகும் மாணவர்கள் அதைத் தங்கள் வட்டாரத்துக்கான அகப்பக்கத்தில் காட்டலாம்.

தோட்டத்தில் ஒரு வீட்டைத் தேடுபவர் முதலில் லயத்தையும், பிறகு வீட்டு எண்ணையும் கேட்பார். ஜேசனும் அப்படித்தான்.

வந்த தகவலை ‘ஜேசன் டிகோட்’ கட்டளையிடம் கொடுத்து, இரண்டாவது இடத்தில் ‘ட்ரூ’ என எழுதினால் அது அடுக்குப் பட்டியலாக மாறும். பட்டியலின் ஒவ்வொரு பதிவும் ஓர் இடத்தின் ஒரு நாள் நிலவரம். தேதியும் காலை நிலவரமும் பதிவின் மேலடுக்கிலேயே இருப்பதால் ஒரு சாவி போதும். இடத்தின் பெயர் உள்ளடுக்கில் உள்ளது. முதலில் ‘லொகேஷன்’, அதனுள் ‘லொகேஷன் நேம்’ என இரண்டு சாவிகள் வேண்டும். பெயரை மேலடுக்கில் தேடினால் எதுவும் கிடைக்காது.

தகவல் சிதைந்து வந்தால் பிஎச்பி ‘நல்’ என்ற வெறுமையைத் தரும். அதைச் சோதித்து, “தகவல் கிடைக்கவில்லை” என்று காட்ட வேண்டும். இல்லையேல், வெறும் கட்டத்தைப் பார்ப்பவர் மழை இல்லை என நினைத்து வேலைக்குக் கிளம்பிவிடுவார்.