கத்தி முந்தினால் காரம், நெருப்பு முந்தினால் இனிப்பு

ரசத்துக்குப் பூண்டைத் தோலோடு தட்டிப் போடுகிறோம். பூண்டுக் குழம்புக்கு உரித்த முழுப் பல்லை நல்லெண்ணெயில் வதக்குகிறோம். இரண்டும் ஒரே கூடையிலிருந்து எடுத்த பூண்டுதான். ஆனால் ரசத்தில் அது மூக்கில் ஏறுகிறது. குழம்பில் அகப்பட்ட பல்லைச் சோற்றோடு பிசைந்தால் வெண்ணெய்போல் மசிகிறது, லேசாக இனிக்கவும் செய்கிறது. குழம்பில் அதிக நேரம் வெந்ததால் காரம் போய்விட்டது என்றுதான் பொதுவாகச் சொல்வோம். அது பாதி விடை. தட்டிய பூண்டைக் குழம்பு கொதிக்கும் நேரம் முழுக்கக் கொதிக்கவிட்டாலும் காரம் தணியுமே தவிர, முழுப் பல்லின் சுவை வந்துவிடாது. எவ்வளவு நேரம் வெந்தது என்பதைவிட, முதலில் பட்டது கத்தியா நெருப்பா என்பதுதான் பூண்டின் குணத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டில் பூண்டு சுடுவது இந்த ஒரு விஷயத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோவதுதான். சுட்ட பூண்டைப் பச்சைப் பூண்டுக்குப் பதிலாகப் போடும் சாதுவான சரக்கு என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவதும் இதனால்தான். அது வேறொரு பொருள்.

உரிக்காத பூண்டை மூக்கருகே வைத்துப் பார்த்தால் வாசனை அதிகம் தெரியாது. நசுக்கிய மறுநொடி வீடே மணக்கும். அந்தக் காரம் பூண்டுக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை, நசுக்கும்போதுதான் உண்டாகிறது. 1944-ல் செஸ்டர் கவலிட்டோ, ஜான் ஹேஸ் பெய்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நசுக்கிய பூண்டிலிருந்து ஒரு கந்தகச் சேர்மத்தைப் பிரித்தெடுத்து அதற்கு அல்லிசின் என்று பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் எவால்ட் சீபெக்கும் அதன் மூலப்பொருளைக் கண்டுபிடித்தார்கள்: வாசனையே இல்லாத அல்லின். பல்லுக்குள் அல்லின் ஓர் அறையிலும், அதை அல்லிசினாக மாற்றும் நொதி வேறோர் அறையிலும் பூட்டிக் கிடக்கின்றன. கத்தியோ பல்லோ அம்மியோ சுவரை உடைத்தால் இரண்டும் கலந்து, சில நொடிகளில் காரம் பிறக்கிறது. கடிக்க வரும் பூச்சிகளுக்குப் பூண்டு வைத்திருக்கும் பொறி அது. இந்த நொதிக்குச் சூடு ஆகாது. பல் முழுசாக இருக்கும்போதே வெந்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும். பிறகு எத்தனை முறை நசுக்கினாலும் பொறி வெடிக்காது. சந்தேகம் இருப்பவர்கள் இட்லிப் பானையில் இரண்டு பல்லைத் தோலோடு பதினைந்து நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து நசுக்கி முகர்ந்து பார்க்கலாம். கண் எரியாது, வாய் கமறாது.

ஆவியே போதுமென்றால் சுடுவானேன்? நியாயமான கேள்வி. ஆவியில் வெந்த பூண்டு சாதுவாக இருக்கும், சுவையாக இருக்காது. வேகவைத்த கிழங்குபோல ஒரு மந்தம். சுடும்போது இன்னும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பூண்டில் ஆறு பங்குதான். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாவுச்சத்து வகை. அதில் பெரும்பகுதி ஃப்ரக்டான் எனப்படும், பழச்சர்க்கரைத் துணுக்குகள் கோத்த சங்கிலி. நீண்ட சூட்டில் அது ஓரளவு அறுந்து இனிப்பைக் கொடுக்கிறது. மறைத்துக்கொண்டிருந்த காரமும் விலகிவிட்டதால் உள்ளே இருந்த இனிப்பு துலக்கமாகத் தெரிகிறது. இன்னொன்று, நீர் வற்றிய ஓரங்களில் பழுப்பு ஏறுவது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கூடிப் பழுப்பையும் மணத்தையும் உண்டாக்கும் இந்த வினையை, அதை 1912-ல் விவரித்த பிரெஞ்சு வேதியியலர் லூயி கமில் மையாரின் பெயரால்தான் இன்றும் குறிப்பிடுகிறார்கள். தோசை ஓரத்தின் முறுகலும் வறுத்த காப்பிக்கொட்டையின் வாசனையும் இந்தக் குடும்பம்தான். சமையல் நிகழ்ச்சிகளில் சுட்ட பூண்டைக் கேரமல் ஆகிவிட்டது என்கிறார்கள். சர்க்கரை அப்படிக் கருக வேண்டிய சூடு ஈரம் வற்றாத பல்லின் நடுப்பகுதியை எட்டுவதே இல்லை. ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. பழுப்பு ஓரத்தில் மட்டும்தான், அது போதும். முழுசும் பழுப்பானால் கசக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் முறைகளைப் பற்றிய குழப்பம் தீர்ந்துவிடும். வேண்டியது இரண்டே: உள்ளே மெல்ல வேக வேண்டும், வெளியே கடைசியில் கொஞ்சம் சிவக்க வேண்டும். ஓடிஜி அடுப்பு இருப்பவர்கள் பூண்டின் தலைப்பகுதியை மெல்லியதாகச் சீவி, பல்லின் நுனிகள் தெரியும்படி செய்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சிட்டிகை உப்பும் விட்டு, அலுமினியத் தாளில் சுற்றி 200 டிகிரியில் நாற்பது முதல் ஐம்பது நிமிடம் வைக்கிறார்கள். தாளுக்குள் நடப்பது பெரும்பாலும் ஆவியில் வேகுவதுதான். ஆகவே கடைசிப் பத்து நிமிடம் தாளைத் திறந்துவிட வேண்டும். பலரும் இதை விட்டுவிட்டு, எங்கே அந்த மணம் என்று தேடுகிறார்கள். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் பாதி நேரமே ஆகும். காஸ் தீயில் நேரடியாகக் காட்டுவதுதான் ஆகாத வழி: தோல் கரியும், உள்ளே பச்சை வாடை நிற்கும், நொதியும் முழுக்க அடங்கியிராது. விறகடுப்புக் காலத்தில் தணலுக்குள் அல்ல, தணல் ஆறிய சாம்பலுக்குள் பூண்டைப் புதைத்து எடுத்ததன் அறிவு இதுதான்.

அடுப்பெல்லாம் இல்லை, தோசைக்கல்தான் இருக்கிறது என்பவர்கள் மெக்சிகோ பக்கம் பார்க்கலாம். அங்கே கோமால் என்று ஒரு தட்டையான கல் உண்டு, நம் தோசைக்கல்லின் உடன்பிறப்பு. சல்சா அரைப்பதற்கான பூண்டை உரிக்காமல், எண்ணெய் விடாமல், அதன்மேல் போட்டுப் புரட்டிப் புரட்டிக் கால் மணி நேரம் சுடுவது அங்கே அன்றாட வழக்கம். தோல்தான் அங்கே அலுமினியத் தாள். கரும்புள்ளி விழுந்து, அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால் ஆயிற்று. இதைக் கனத்த இரும்புக் கல்லில், மூடி போட்டு, சிறு தீயில் செய்தால் இன்னும் நன்றாக வரும். ஒரு பூண்டுக்காக ஒரு மணி நேரம் மின்சாரம் எரிப்பது வீண் என்ற ஆட்சேபத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: பத்துப் பல் வேண்டுமென்றால் தோசைக்கல், ஆறு முழுப் பூண்டு வேண்டுமென்றால் ஓடிஜி. சின்னப் பல் நாட்டுப்பூண்டை இதற்கு எடுக்க வேண்டாம், பிதுக்கியே கை ஓய்ந்துபோகும். பல் பெரிதான பூண்டாக, முளை விடாததாக இருக்க வேண்டும். முளைத்த பூண்டின் பச்சைக் குருத்து சுட்டாலும் கசப்பை விடாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இதற்கு நல்ல சரக்கு, விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், நமக்கெதற்கு என்பார்கள் சிலர். சுட்ட பூண்டை உணவக மேசையில் ரொட்டிக்குத் தடவும் விழுதாக ஆக்கியதில் கலிஃபோர்னியாவுக்குப் பங்கு உண்டென்பது உண்மை. பெர்க்லியில் ஷே பனீஸ் என்ற உணவகம் 1976-லிருந்து பூண்டு விருந்து நடத்தியது. 1979-ல் கில்ராய் ஊரில் பூண்டுத் திருவிழா தொடங்கியது. 1980-ல் லெஸ் பிளாங்க் பூண்டைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். ஆனால் பூண்டைச் சுடுவது நமக்குப் புதிதா? சளி பிடித்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் சுட்ட பூண்டு கொடுக்காத ஊர் எது? நாம் செய்த ஒரே தவறு, அதை மருந்து வரிசையில் வைத்துவிட்டுச் சமையல் வரிசைக்கு அழைக்காமல் இருந்ததுதான். கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு செய்யத் தெரிந்த சமையல், அதே தணலில் கிடந்த பூண்டை மட்டும் பிரசவ அறைக்கு அனுப்பிவிட்டது.

மருந்து என்றதும் வலுவான ஆட்சேபம் வரும்: சுட்டால் சத்தெல்லாம் போய்விடுமே? அல்லிசினைப் பொறுத்தவரை, ஆம், முழுசாகச் சுட்ட பூண்டில் அது உண்டாவதே இல்லை. ஆனால் அதே கணக்கில் பூண்டுக் குழம்பும் பூண்டு ஊறுகாயும் குற்றவாளிகள்தாம். அவற்றை யாரும் கேள்வி கேட்பதில்லை. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளில் பூண்டு காட்டிய பாதுகாப்பு ஒரு நிமிடம் மைக்ரோவேவில் சூடாக்கியதும் மறைந்தது. நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு சூடாக்கியபோது ஓரளவு தங்கியது. இங்கும் கத்தி முந்தியதா நெருப்பு முந்தியதா என்பதே கேள்வி. ஆனால் எலியிலிருந்து நேரே மனிதனுக்குத் தாவக்கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கெட்ட கொழுப்பு ஓரளவு கூடியிருந்த 192 பேரை வைத்து ஆறு மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2007-ல் வந்தது. பச்சைப் பூண்டு, இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகள், பூண்டே இல்லாத போலி மருந்து என்று நான்கு குழு. கொழுப்பு அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பூண்டுக்கு வேறு நன்மையே கிடையாது என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் சுவைக்காகச் சுடுகிறவர் ஏதோ அமிர்தத்தைக் கரியாக்கிவிட்டதாக வருந்த வேண்டாம் என்பதற்கு இது போதும். மருந்தாகவும் வேண்டுமென்றால் ரசம் இருக்கிறது.

எங்கே சேர்ப்பது? காரம் வேலை செய்யும் இடத்தில் அல்ல. ரசத்தில் சுட்ட பூண்டைக் கரைத்தால் தெளிவும் போகும், உறைப்பும் வராது. சிவப்பு மிளகாயோடு அரைக்கும் பூண்டுச் சட்னிக்கும் அது தோது இல்லை. அந்தச் சட்னியின் உயிரே வாயைப் பிடிக்கும் கமறல்தான். சுட்ட பூண்டுக்கு உரிய இடம் மசியல். பாசிப்பருப்புக் கடைசலில் நான்கு பல் மசித்துக் கலந்தால் நெய்யைப் பாதியாகக் குறைக்கலாம், குறைந்தது தெரியாது. கீரை மசியலின் மண்வாசத்தை அது அமுக்காமல் தாங்குகிறது. சுட்ட கத்தரிக்காய், சுட்ட தக்காளி இரண்டோடும் பிறந்ததுபோல் ஒட்டும். உருளைக்கிழங்கு மசியலுக்கும் கெட்டித் தயிரில் உப்போடு அடித்துச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளவும் இதைவிட எளிய வழி கிடையாது. அளவில் தாராளம் வேண்டும். பச்சைப் பூண்டில் ஒரு பல் என்றிருந்தால் இதில் ஐந்தாறு. அது போட்டும் சுவை தெரியவில்லையென்றால் உப்பும் ஒரு சொட்டு எலுமிச்சையும் போதவில்லை என்று பொருள்.

மொத்தமாகச் சுட்டால் மிச்சம் இருக்கும்; அங்கேதான் ஓர் உண்மையான ஆபத்து. மிச்சத்தை எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் வைக்கும் பழக்கம் வீடியோக்களில் பரவிக் கிடக்கிறது. 1985-ல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்டுக் குளிரூட்டாமல் வைத்திருந்த நறுக்கிய பூண்டால் 36 பேருக்கு போட்யூலிசம் என்ற நச்சு நோய் வந்தது. 1989-ல் நியூயார்க் மாநிலத்திலும் மூவருக்கு வந்தது. அதன்பிறகுதான் இத்தகைய பண்டங்களில் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்று அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. மண்ணில் வாழும் இந்தக் கிருமியின் வித்துகள் பூண்டில் ஒட்டி வரும். அவை சாக 121 டிகிரி நீராவிச் சூடு வேண்டும். பல்லின் உட்புறம் நூறைத் தாண்டாது என்று பார்த்தோம். சுட்டால் மற்றக் கிருமிகள் சாகும், வித்துகள் பிழைக்கும். எண்ணெய் காற்றை அடைத்துவிடும். காற்றில்லாத, புளிப்பில்லாத, வெதுவெதுப்பான இடம்தான் அவை முளைக்க ஏற்றது. நச்சு உண்டானால் நிறம், மணம், சுவை எதிலும் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை.

நம் பூண்டு ஊறுகாய் மாதக்கணக்கில் எண்ணெயில்தானே கிடக்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஊறுகாயைக் காப்பது எண்ணெய் அன்று. புளியும் எலுமிச்சையும் உப்பும்தான் காக்கின்றன. அந்தப் புளிப்பில் இந்த வித்து முளைக்காது. புளியைக் குறைத்து, உப்பைக் குறைத்து, எண்ணெயை மட்டும் நம்பிப் போடும் புதுவகை ஊறுகாயை அதே துணிவோடு வெளியே வைக்க முடியாது. சுட்ட பூண்டில் புளிப்பே இல்லை. ஆகவே அன்றைய தேவைக்குப் போக மிஞ்சியதைப் பிதுக்கி, மசித்து, மூடிய கிண்ணத்தில் குளிர்பெட்டிக்குள் வைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஒரு கரண்டி ஒரு குழி என்று நிரப்பி உறையவைத்தால் சில மாதம் இருக்கும். பருப்பு வெந்து இறங்கும் நேரத்தில் ஒரு கட்டியைப் போட்டு மத்தால் கடைந்தால் கரைந்துவிடும்.