சிறு கைகளுக்கு ஏற்ற இயற்கை இசை

குழந்தைகளுக்கென்று எழுதப்படும் பியானோ இசைத்துண்டுகளில் ஓடை, பறவை, பூச்சி, பருவகாலம் ஆகியவற்றின் பெயர்கள் மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம், அவை சிறுவர் மனத்தைக் கவர்கின்றன என்பது மட்டுமன்று. இயற்கையில் காணும் ஓர் அசைவையும் மாணவரின் கை கற்றுக்கொள்ள வேண்டிய ஓர் அசைவையும் ஒன்றாக்குவதே இவ்வகை இசையமைப்பின் உயிர்நாடியாகும்.

இப்பணியில் இசையமைப்பாளருக்குள்ள முதல் வரம்பு குழந்தையின் உடலே. பியானோவில் ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு சட்ஜம் தொடங்கி அதற்கு மேலுள்ள சட்ஜம் வரையிலான தொலைவு, ஏறக்குறைய 16.5 செ.மீ. ஆகும், இளம் மாணவர் பலரின் கை அவ்வளவு விரியாது என்பதாலும், ஒலியை நீட்டிக்கும் மிதிகட்டை அவர்கள் காலுக்கு எட்டாமல் போகலாம் என்பதாலும், விரிந்த சுரக்கூட்டுகளையும் மிதிகட்டையை நம்பிய ஒலிநீட்சியையும் தவிர்த்தே ஓடையும் காற்றும் உருவாக்கப்பட வேண்டியுள்ளன.

ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் 1806இல் பிறந்து, பின்னர் பாரிஸில் வாழ்ந்த ஃபிரெட்ரிக் புர்க்முல்லர் இவ்வரம்பை நன்குணர்ந்தவர். சிறு கைகளின் எட்டுத்தொலைவைக் கருதியே அவர் இயற்றிய ‘படைப்பு 100’ என்னும் தொகுதியில் 25 எட்யூடுகள், அதாவது ஒரு குறிப்பிட்ட கைத்திறனை வளர்க்கும் பயிற்சித் துண்டுகள், உள்ளன. அவற்றுள் தெளிந்த ஓடையைப் பெயராகக் கொண்ட ஏழாவது துண்டில், ஓர் எண்ணிக்கைக்கு மூன்று சுரங்கள் வரும் திஸ்ர நடையில் வலக்கை மென்மையாக ஓடுகிறது. விரல்களுள் ஒன்று அழுத்தம் மிகுந்து ஒலித்தாலும் நீரோட்டம் தடைபட்டதுபோல் தோன்றுவதால், சீரான தொடுகை ஏன் தேவை என்பதை மாணவர் தம் செவியாலேயே அறிகிறார். தகைவிலான் குருவியின் பெயர் தாங்கிய இருபத்துநான்காவது துண்டில் இடக்கை வலக்கையைத் தாண்டிச் சென்று மேல்சுரத்தைத் தொட்டுத் திரும்புகையில், பறவையின் வீச்சும் கைதாண்டும் பயிற்சியும் ஒரே செயலாகின்றன.

ஹங்கேரியின் பேலா பார்டோக் வேறொரு வழியில் சென்றார். 1926 முதல் 1939 வரை எழுதப்பட்ட 153 துண்டுகளை ஆறு தொகுதிகளாகக் கொண்ட ‘மிக்ரோகாஸ்மோஸ்’ நூலில், முதலிரு தொகுதிகளைத் தம் மகன் பேட்டருக்கு அவர் உரித்தாக்கினார். தேர்ந்த மாணவருக்கான ஆறாம் தொகுதியில் ஓர் ஈயின் நாட்குறிப்பாக அமைந்த துண்டு உள்ளது. அதில் இரு கைகளும் நெருங்கி ஒன்றினுள் ஒன்று புகுந்து, அரைச்சுர இடைவெளியிலுள்ள அண்டைக் கட்டைகளை மாறிமாறித் தொடுவதால், இனிய மெட்டு எதுவுமின்றியே ரீங்காரம் பிறக்கிறது. முரண்சுரங்களைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடிய மாணவரும் ஈயின் பொருட்டு அவற்றை விருப்பத்துடன் ஏற்கிறார்.

இந்த எடுத்துக்காட்டுகளிலிருந்து புலப்படும் முறை தெளிவானது: இசையமைப்பாளர் பறவையின் கூவலை அப்படியே நகலெடுப்பதில்லை, பாய்தல், தத்தல், சுழல்தல் போன்ற ஓர் இயக்கத்தைத் தேர்ந்து, அதற்கேற்ற ஸ்தாயியையும் நடையையும் ஒலியளவையும் அமைத்து, கை பழகும்வரை அதே அமைப்பைச் சிறு மாறுதல்களுடன் திரும்ப வரச்செய்கிறார். தலைப்பை நீக்கிவிட்டாலும் அவ்வியக்கம் குழந்தையின் கையில் எஞ்சியிருக்குமானால், அத்துண்டு தன் பணியைச் செவ்வனே செய்துவிட்டது எனலாம். தலைப்பில் மட்டும் ஓடையை வைத்துக்கொண்டு விரலுக்கு எதுவும் கற்பிக்காத துண்டு பாடமாகவும் நிலைப்பதில்லை, இசையாகவும் நிலைப்பதில்லை.