பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான படிப்பு அட்டவணை

பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான படிப்பு அட்டவணை என்பது, தேர்வுக்கு முன் எஞ்சியுள்ள நேரத்தைப் புதிய பாடம், மீள்பார்வை, மாதிரித் தேர்வு ஆகியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டம் ஆகும். இந்திய அளவில் நடைபெறும் கூட்டு நுழைவுத் தேர்வு (ஜேஇஇ மெயின்) இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

தேர்வின் அமைப்பு

2025 ஆம் ஆண்டு முறைப்படி இயற்பியல், வேதியியல், கணிதம் ஒவ்வொன்றிலும் 25 வினாக்கள், 3 மணி நேரம், 300 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண்கள் தரப்படும்; தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைக்கப்படும். எனவே ஒரு பிழையால் 5 மதிப்பெண் வேறுபாடு ஏற்படுகிறது.

காலப் பகிர்வு

2025 இல் இத்தேர்வு சனவரி, ஏப்ரல் என இருமுறை நடைபெற்றது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு இவற்றின் இடையே வருவதால், புதிய பாடங்களை டிசம்பருக்குள் முடிக்குமாறு பின்னோக்கித் திட்டமிடுதல் நன்று. வாரத்தில் அரை நாளை ஒதுக்காமல் விட்டால், விடுபட்டவற்றை அந்நேரத்தில் முடிக்கலாம்.

மீள்பார்வை

ஒரே நாளில் தொடர்ந்து படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் படிப்பது நினைவில் நிற்கும் என்பதை எர்மன் எபிங்காசு 1885 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு பாடத்தை மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது இதற்கேற்ற முறையாகும். மாதிரித் தேர்வுக்குப் பின், பிழைகளைக் கருத்துப்பிழை, கணக்குப்பிழை, நேரக்குறைவு எனப் பிரித்து ஆராயவும் நேரம் ஒதுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் 2007 முதல் மாநிலப் பொறியியல் சேர்க்கை நுழைவுத் தேர்வின்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நடைபெறுகிறது. ஆகவே பொதுத்தேர்வுக்கான நேரத்தைக் குறைத்தால், இவ்வாய்ப்பும் குறையக்கூடும்.