பழைய ஜீப்புகளின் பிரேக் மேம்பாடு

பழைய ஜீப்புகளின் பிரேக் மேம்பாடு என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்ட ஜீப்புகள், அவற்றையொத்த சிறு சரக்கு வண்டிகள் ஆகியவற்றின் பிரேக் அமைப்பைப் பிற்கால உறுப்புகளைக் கொண்டு மாற்றியமைத்தல் ஆகும். அமெரிக்க வில்லிஸ் வடிவமைப்பின்படி இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் தயாரித்த சிஜே-3பி ஜீப்பு இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

பழைய அமைப்பு

சிஜே-3பி ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள் அமைந்திருந்தன. மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஒரே பிஸ்டன் பிரேக் எண்ணெயை அழுத்துகின்றது. பாசுக்கலின் விதிப்படி அவ்வழுத்தம் நான்கு சக்கரங்களையும் அடைந்து, பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்புறத்தில் உராயச் செய்கின்றது.

ஒரே எண்ணெய்ச் சுற்றில் அனைத்தும் இணைந்திருப்பதே இதன் பெருங்குறை. ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பிரேக்கை இழக்கும். கைப்பிரேக் மட்டுமே எஞ்சும். மேலும், டிரம் சூடேறினால் பிடிப்புக் குறையும். கோவில்பட்டி, குளத்தூர் போன்ற கரிசல் மண் பகுதிகளில் மழைக்காலத்தில் நீரும் சேறும் டிரம்மினுள் புகுந்தாலும் இதுவே நிகழும்.

மேம்படுத்தும் முறை

* இரட்டைச் சுற்று: இரண்டு பிஸ்டன்கள் கொண்ட மாஸ்டர் சிலிண்டர் முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனியே அழுத்தம் அளிக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது இயங்கும். டிஸ்க் பொருத்தாவிடினும் இம்மாற்றம் பயனுடையது.
* முன்சக்கர டிஸ்க்: பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்களுக்கே டிஸ்க் முதலில் பொருத்தப்படுகின்றது. டிரம்முக்குரிய எச்ச அழுத்த வால்வு டிஸ்க் சுற்றில் இருத்தலாகாது. இருப்பின் பேடுகள் விடுபடாமல் உரசும்.
* பூஸ்டர்: டிரம்மில் சுழற்சியே ஷூவை உள்ளிழுத்து உதவும், டிஸ்கில் அவ்வுதவி இல்லை. எனவே மிதிக்கக் கூடுதல் விசை தேவைப்படும். இதனை வெற்றிட பூஸ்டர் ஈடுசெய்கின்றது. டீசல் எந்திரமாயின் தனி வெற்றிடப் பம்பு வேண்டும்.
* அழுத்தப் பங்கீடு: சுமையற்ற வண்டியில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பக்கவாட்டில் சறுக்கும். பின்சுற்றின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இதனைத் தவிர்க்கின்றது.

பிரேக் எண்ணெய்

டாட் 3 வகை எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும்; ஈரமேறிய நிலைக்கான வரம்பு 140 பாகை மட்டுமே. எண்ணெய் கொதித்தால் தோன்றும் ஆவி எளிதில் அமுங்குவதால் மிதி வலுவின்றித் தாழும். ஆகவே, மேம்படுத்திய பின்னரும் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதல் இன்றியமையாதது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகின்றது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எனவே பாதுகாப்பை உயர்த்தும் மாற்றமாயினும், பணியைத் தொடங்குமுன் பதிவு அதிகாரியிடம் கேட்டறிதல் வேண்டும்.